கேட்டு வாங்கிய பதினைந்து வருஷம்

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குக் கண்ணாடிக்காரர் சாவதாக இருந்தது. அதனால், செவ்வாய்க்கிழமை ஆலங்கட்டி மழை பெய்து ஊரில் பாதி ஜன்னல் உடைந்தபோது அவர் கடையைத் திறக்கவில்லை.

அவருக்கு நோய் ஒன்றும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது. காலையில் ஆறு முட்டை கொடுத்தால் ஆறையும் தின்பார். எடுத்த வேலைகளைச் சனிக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்துவிட்டு, வெட்டுமேசையைக் கழுவித் துடைத்து, கண்ணாடி வெட்டும் கட்டரை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்து, கதவைச் சாத்தியிருந்தார். முடிக்க முடியாத வேலையைக் கையில் வாங்குவது ஏமாற்று வேலை என்பது அவர் கட்சி.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார். விடிவது சந்தேகம் என்று அவர் மனைவியிடம் சொன்னது படுக்கையில் கிடந்தவர் காதிலும் விழுந்தது. வேதாகமத்தில் ஒரு ராஜா இப்படித்தான் சாகக் கிடந்து, சுவர்ப்பக்கம் திரும்பி அழுது, பதினைந்து வருஷம் கூட்டி வாங்கினான். கண்ணாடிக்காரரும் திரும்பினார். சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. ராஜாவுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடும், ஒரு நாள்கூட அதிகம் கேட்க மாட்டேன் என்றார். அப்போதுதான் நர்ஸ் நாலு மணி மருந்தைக் கொண்டுவந்தாள். மறுநாள் காலை காய்ச்சல் இறங்கியது.

அதுமுதல் ஒவ்வொரு வருஷமும் சபையில் நன்றி சொல்லும் நேரத்தில் எழுந்து நிற்பார். இன்னும் பதினாலு இருக்கிறது, ஸ்தோத்திரம். இன்னும் பதின்மூன்று, ஸ்தோத்திரம். ஊர் அவருக்குப் பதினஞ்சு என்று பேர் வைத்துவிட்டது. உறையில் பதினஞ்சு என்று மட்டும் எழுதினால் தபால் வந்து சேரும்.

அதில் ஒரு லாபமும் இருந்தது. அவருக்குப் பயம் விட்டுப்போயிற்று. தேவாலயக் கோபுரத்து உச்சியில் இருக்கும் வட்ட ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்ட, காற்று அடிக்கிற நாளில், இடுப்பில் கயிறுகூட இல்லாமல் ஏறினார். கீழே நின்றவர்கள் கத்தினார்கள். எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் கிடக்கிறது, நீங்கள் ஓரமாய் நில்லுங்கள் என்றார். மகள் கல்யாணத்தைப் பன்னிரண்டாம் வருஷம் முடித்தார். பதின்மூன்றாம் வருஷம் கூரையை மாற்றினார். எல்லாம் திட்டப்படி நடந்தது.

அவர் மனைவிக்கு மட்டும் ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஸ்தோத்திரம் சொல்லி உட்காரும்போதெல்லாம் அவர் முகம் ஒரு சுற்றுச் சிறுத்துவிடும்.

அவளுக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், பகலில் இல்லை என்பாள்.

புதன்கிழமை காலை கடைவாசலில் கூட்டம் நின்றது. தெருவெல்லாம் கண்ணாடித் தூள். நடந்தால் செருப்புக்கடியில் நொறுங்கியது. கோழிமுட்டை அளவுக்கு விழுந்த கட்டிகள் சாக்கடை ஓரத்தில் இன்னும் கரையாமல் கிடந்தன. ஜன்னல்களில் போர்வை, பாய், அரிசிச் சாக்கு என்று கைக்கு அகப்பட்டதைத் தொங்கவிட்டிருந்தார்கள். வாடைக்காற்று எல்லாவற்றையும் தூக்கி அடித்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக அளவு கொண்டுவந்தார்கள். ஒருத்தி நூலில் முடிச்சுப் போட்டிருந்தாள். ஒருவர் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அதில் கோடு கிழித்திருந்தார். இன்னொருவர் இரண்டு கையையும் விரித்து, அந்த அகலம் மாறாமல், தெரு முழுக்க வழிவிடச் சொல்லிக்கொண்டே நடந்து வந்தார். கடைக்குள் நுழையும்போது கதவு தடுத்தது. பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார். அளவு தப்பவில்லை.

மனைவி கடையைத் திறந்தாள். முப்பது வருஷமாய் அவர் பக்கத்தில் நின்றவள். பக்கத்துக் கடையில் தச்சுவேலை செய்கிற தன் தம்பியைக் கூப்பிட்டாள். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டுக் கண்ணாடியில் இழுத்தாள். கீச்சென்று ஒரே சத்தம், ஒரே கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் பிடித்து மடக்கினால் பிஸ்கட்டைப் போல இரண்டாகும். சட்டத்தின் அளவைவிட ஒரு நூல் குறைவாக வெட்ட வேண்டும். சரியாக வெட்டினால் வெயிலில் விரிந்து தெறித்துவிடும்.

உள்ளறையில் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு எழுத்து ஓடவில்லை. காது வெட்டுமேசையில் இருந்தது.

"அழுத்தாத" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"செத்தவங்க பேசக் கூடாது" என்றாள் மனைவி. கூட்டம் சிரித்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தது. "ஒரே இழுப்புல இழு. போன கோட்டுல திரும்பிப் போகாத."

தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். அவன் ஆணியைப் பல்லில் கடித்தபடியே உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மாமா, நேத்து உக்காந்து பாத்தேன். நடுவுல நாலு லீப் வருஷம் வந்திருக்கு. வருஷத்துக்கு முன்னூத்தி அறுபத்தஞ்சு நாள்னு வச்சா உங்க கெடு ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுபோச்சு. மூணு நாளா ஓசியிலதான் இருக்கீங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு காகிதமும் பென்சிலும் கேட்டார். பத்து நிமிஷம் கழித்து, வேதகாலத்து வருஷம் வேறு, அதெல்லாம் பொருந்தாது என்று பதில் வந்தது.

சாயங்காலம் போதகர் வந்தார். இளைஞர். சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளறைக்குப் போனார். மனைவி வெட்டுவதை நிறுத்திவிட்டு, போதகர் பேசுவதைக் காதில் வாங்கினாள்.

"ஐயா, அந்த ராஜா கேட்டான், சரி. தரேன்னு அவனுக்குச் சொல்லி அனுப்பினாங்க. உங்களுக்கு யாரு சொல்லி அனுப்பினா?"

"நான் பொழச்சேனே."

"பொழச்சீங்க. பதினஞ்சுன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்களா?"

கண்ணாடிக்காரர் வேதத்தை மூடி வைத்தார். பிறகு, போதகருக்கு விசுவாசம் கொஞ்சம் குறைச்சல், வயது ஆனால் சரியாகும் என்றார். போதகர் சிரித்துக்கொண்டே எழுந்து ஜெபம் செய்தார். போகும்போது தன் வீட்டு ஜன்னல் அளவைக் கடையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு முப்பத்தோரு கண்ணாடி வெட்டினாள். விரலெல்லாம் கீறல். ரொட்டியும் வெங்காயமும் நின்றபடியே தின்றாள். ஓய நேரமில்லாதது நல்லதாகப் பட்டது. ஓய்ந்தால் நாளைக்கு என்ன கிழமை என்று ஞாபகம் வந்துவிடும்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மகள் வந்தாள். ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலைக்குப் போகிற வழியில் வந்தவள், அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். இந்த அழுத்தத்தோடு சாவது ரொம்பக் கஷ்டம் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அவர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, கட்டிலில் உட்கார்ந்தார். மீசையைக் கத்தரித்திருந்தார். கல்யாண மாப்பிள்ளை கெட்டான். பார்க்க வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு வீட்டுக்காரருக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் கீறல் விழுந்த கண்ணாடியை, கீறல் தெரியாமல் திருப்பி மாட்டிவிட்டதாகச் சொன்னார். அப்படியா, நான் அதை என் மகன்தான் கீறினான் என்று அவனை அடித்தேனே என்றார் வீட்டுக்காரர்.

பதினொரு மணிக்கு மகள் திரும்பி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. பிரசவ வார்டில் பதினொரு ஜன்னல் போய்விட்டது. மாடியின் வடக்குப் பக்கம் முழுக்க. நேற்றுப் போர்வை கட்டிச் சமாளித்தார்கள். காலையில் அடித்த காற்றில் எல்லாம் கிழிந்துவிட்டது. ஏழு குழந்தைகள். தாய்மார் நடையில் உட்கார்ந்து குழந்தைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குழந்தை பிறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுபடியும் மழை வரும் என்கிறார்கள்.

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். தம்பி தரையைப் பார்த்தான். கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்டும் பட்டியை வெளிப்பக்கத்திலிருந்துதான் பூச வேண்டும். ஏணி வைத்து மாடி உயரம் ஏறவேண்டும். அவனுக்கு ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும்.

மனைவி உள்ளறைக்குப் போனாள்.

"எழுந்திரிங்க."

"முடிக்க மாட்டேன்மா. பதினொரு ஜன்னல். நாலு மணிக்குள்ள ஆகாது."

"ஆனவரைக்கும் ஆகட்டும்."

"நாலு மணிக்கு நான் ஏணி மேல இருந்தா கண்ணாடியோட விழுவேன். கீழ யாராவது நின்னா என்ன ஆகும்?"

"கீழ நான் நிப்பேன்" என்றாள் மனைவி.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் அவருடைய பழைய சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். சலவைச் சட்டையில் பட்டி ஒட்டினால் போகாது.

அப்புறம் நடந்ததை ஊர் ரொம்ப நாள் பேசிற்று. தள்ளுவண்டியில் வைக்கோலைப் பரப்பிக் கண்ணாடிகளைச் செங்குத்தாய் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்து ஓடினார்கள். கையை விரித்து அளவு கொண்டுவந்தவர் முன்னால் ஓடி வழிவிலக்கினார். இந்தமுறையும் கையை விரித்துக்கொண்டுதான் ஓடினார். ஆஸ்பத்திரி முற்றத்தில் இரண்டு பெஞ்சைச் சேர்த்து வெட்டுமேசை ஆக்கினாள் மனைவி. அவர் மேலே ஏறி, சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய பட்டியை உளியால் சுரண்டிக் கொட்டி, அளவைக் கத்துவார். அவள் கீழே வெட்டுவாள். தம்பி சுண்ணாம்புத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் சேர்த்துப் பட்டி பிசைந்தான். மாடி நடைக்குள்ளிருந்து குழந்தைகள் ஒன்று மாற்றி ஒன்று அழுதன. ஜன்னல் ஒன்று அடைபடும்போதெல்லாம் காற்றின் இரைச்சல் ஒரு படி இறங்கியது.

தாய்மாரில் ஒருத்தி வாயாடி. உடைந்த ஜன்னல் வழியாக அவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்கதான் இன்னைக்குச் சாகப் போறவரா?"

"ஆமாம்மா."

"என் ஜன்னலை முடிச்சிட்டுப் போங்க. நேத்து ராத்திரியே வலி தாங்காம நான் போறதா இருந்தேன். இவன் வந்து கெடுத்துட்டான்." துணிச்சுருளைத் தூக்கிக் காட்டினாள். அதற்குள் ஒரு சிவந்த மூக்கு தெரிந்தது.

அவர் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழேயிருந்து மனைவி, அளவு என்ன, தூங்கிவிட்டீர்களா என்று கேட்டாள்.

மூன்று மணிக்கு ஏழு ஜன்னல் முடிந்தது. அவருக்கு வேகம் பிடித்துவிட்டது. வாயில் ஆணி, காதில் பென்சில், தோளில் பட்டி உருண்டை. எட்டாவதற்கு இரண்டு கண்ணாடி உடைந்தது. வைக்கோலில் மிச்சமிருந்த பெரிய கண்ணாடிப் பலகையை வெட்டினாள். கோடு விலகினால் மீதி ஜன்னல்களுக்குக் கண்ணாடி போதாது. மூச்சை அடக்கி இழுத்தாள். ஒரே கீச்சு. மடக்கினாள். நேராக விட்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மேலேயிருந்து அவர், கை தட்டினது போதும், கொண்டுவாங்க என்றார். ஒன்பதாவதில் ஒரு மழைத்துளி விழுந்தது. மழை பிடிப்பதற்குள் பூச வேண்டும். எல்லாரும் கத்தினார்கள், ஓடினார்கள். தம்பி தன்னை மறந்து ஏணியில் நாலு படி ஏறிப் பட்டி கொடுத்துவிட்டு, அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு நின்று, பிறகு இறங்கினான். பத்து. பதினொன்று. கடைசி ஓரத்தைக் கட்டைவிரலால் வழித்து மூடியபோது உள்ளே ஒரு குழந்தையின் அழுகை சட்டென்று தூரமாய்ப் போயிற்று.

"முடிஞ்சுது" என்றார். பிறகுதான் கேட்டார். "மணி என்ன?"

தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நாலே முக்கா, மாமா."

மனைவி ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. நாலு மணிக்கு எந்த ஜன்னலில் இருந்தார் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மேலே ஏணி கடகடவென்று ஆடியது. காற்றினால் இல்லை. அவர் கால் நடுங்கிற்று.

மகள் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அப்பா அப்பா என்று கண்ணாடியைத் தட்டினாள். அவர் காதில் வாங்கவில்லை. ஏணியை மார்போடு கட்டிக்கொண்டு, கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். கோபுரத்தில் ஏறிய மனிதர்.

"இறங்குங்க" என்றாள் மனைவி.

"முடியல."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. பயமா இருக்கு." ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "விழுந்துருவேன்டி. இப்ப எப்ப வேணும்னாலும் விழலாம்."

யாரோ சிரிக்க வாயெடுத்து அடக்கிக்கொண்டார்கள். தம்பி தானே ஏறுவதாகச் சொல்லி முதல் படியில் கால் வைத்தான். அவள் அவனைத் தள்ளிவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள். மழை கண்ணில் விழுந்தது. பதினைந்து வருஷமாய்ச் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. அவருடைய ராஜா கணக்குக்கு முன்னால் அது ஏதோ சில்லறை விஷயம் போலப் பட்டதால் சொல்லாமல் இருந்தாள்.

"ஏங்க, கேளுங்க. அன்னைக்கு நானும் கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"நீங்க சுவரைப் பாத்துப் படுத்திருந்தீங்க. நான் நடைக் குழாயடியில உங்க டம்ளரைக் கழுவிட்டு நின்னேன். டாக்டர் விடியறது சந்தேகம்னாரு. எனக்கு ராஜா கதையெல்லாம் ஞாபகம் வரல. விடியற வரைக்கும் இருக்கட்டும்னு கேட்டேன். அவ்வளவுதான் கேக்கத் தெரிஞ்சுது."

மேலே அவர் கன்னத்தைச் சுவரிலிருந்து எடுத்தார்.

"விடிஞ்சுது. நீங்க இருந்தீங்க. கேட்டது வந்திருச்சே, இன்னும் கேக்கறதுக்கு வெக்கமா இருந்துது. நன்றின்னு மட்டும் சொன்னேன். மறுநாளும் இருந்தீங்க. அதை நான் கேக்கவே இல்ல. அப்புறம் ஒரு காலையையும் நான் கேட்டு வாங்கலைங்க. நீங்க கண்ணாடி வாங்கற மாதிரி அளவு சொல்லி வாங்கினீங்க. வருஷாவருஷம் ஒண்ணு ஒண்ணா குறைச்சுட்டே வந்தீங்க. எனக்கு எல்லாமே மேல போட்டுக் குடுத்தது. நான் எண்ணவும் இல்ல."

"எனக்குத் தெரியாதே" என்றார் அவர். குரல் சின்னதாக இருந்தது.

"இப்ப தெரிஞ்சுதில்ல. வலது காலை எடுங்க. ஒரு படி. அது போதும்."

"அடுத்தது?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

வலது கால் காற்றில் துழாவியது. படியைத் தொட்டது. நின்றது. வெகுநேரம் கழித்து இடது கால் வந்தது. தம்பி வாய்விட்டு எண்ணத் தொடங்கினான். எண்ணாதே என்று அதட்டினாள். பத்தொன்பதோ இருபதோ படி இறங்க அரை மணி நேரம் ஆயிற்று. மழை பிடித்துவிட்டது. ஒருவரும் ஒதுங்கவில்லை. தரையில் கால் பட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார். பட்டி அப்பின கையால் முகத்தைத் துடைக்கப் போய், முகமெல்லாம் வெள்ளை. மாடியில் பதினொரு ஜன்னலிலும் விளக்கைப் போட்டார்கள். வாயாடிப் பெண் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. பையனின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை அவள் அயர்ந்து தூங்கிவிட்டாள். இரண்டு நாள் அலுப்பு. கண் விழித்தபோது அறையில் நல்ல வெளிச்சம். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரமாக அப்படி இருந்திருக்க வேண்டும். தோளில் போர்வையைச் சுற்றியிருந்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"மூச்சு வருதான்னு பாத்தேன்."

"உங்களுக்கா?"

"உனக்கு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வெளியே கடைவாசலில் பேச்சுக் குரல்கள் கேட்டன. யாரோ அளவு கொண்டுவந்திருந்தார்கள்.

"அன்னைக்கு எனக்கு மட்டும்தான் கேட்டேன்" என்றார். "நீ எனக்கு முன்னாடி போகலாம்னு இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூடத் தோணல. இன்னைக்குக் காலையிலதான் தோணுச்சு. இருட்டுல எழுந்து உக்காந்துட்டேன்."

"சரி. இப்ப எனக்கும் கேட்டு வைக்கலாமே" என்றாள் அவள், வேடிக்கையாக.

அவர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எவ்வளவு கேட்கிறார் என்று உதட்டையே பார்த்தாள். இவ்வளவு சீக்கிரம் முடிப்பார் என்று நினைக்கவில்லை.

"என்ன கேட்டீங்க?"

"கேக்க வாய் வரல" என்றார். "இவ முழிச்சுட்டான்னு மட்டும் சொன்னேன்."